பிதேசியும் பரதேசியும்: போஜ்புரிப் பிரிவுப் பாடல்களைத் தமிழாக்குதல் குறித்துச் சில கருத்துகள்

போஜ்புரி மொழியின் நாடகங்களுள் மிகுதியும் அறியப்பெற்றது பிக்காரி தாக்கூர் (1887–1971) இயற்றிய ‘பிதேசியா’ ஆகும். பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் குதுப்பூரில், நாவிதர் குலத்தில் பிறந்த தாக்கூர், இளமையில் பிழைப்பு நாடிக் கரக்பூர் சென்றவர். ஊர் திரும்பிய பின் நாடகக் குழு ஒன்றை அமைத்தார். ஆடவரே பெண்வேடம் புனையும் ‘லௌண்டா நாச்’ என்னும் கூத்துமரபே அவருக்குக் களமாக அமைந்தது. பள்ளிக் கல்வி மிகுதியும் பெறாத இவரைப் போஜ்புரியின் ஷேக்ஸ்பியர் என்று ராகுல சாங்கிருத்தியாயன் போற்றினார். அவரது குழுவில் ஆடிய ராம்சந்திர மாஞ்ஜி 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோதுதான் இக்கூத்தின் பெயர் தென்னகச் செய்தித்தாள்கள் சிலவற்றிலேனும் இடம்பெற்றது.

நாடகத்தின் கதை எளியது. மணமான சிறிது காலத்தில், இளம் மனைவி தடுப்பதையும் மீறிக் கணவன் கல்கத்தாவுக்குப் போகிறான். போனவனைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை. அவ்வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் வழிப்போக்கன் ஒருவனிடம் அவள் தன் துயரைச் சொல்லி அனுப்புகிறாள். அவன் நகரத்தில் கணவனைக் கண்டுபிடிக்கிறான். அங்கே அவன் வேறொருத்தியுடன் குடும்பம் நடத்துகிறான். அறிவுரை கேட்டுக் கணவன் ஊர் திரும்ப, நகரத்துப் பெண்ணும் தன் மக்களுடன் பின்தொடர்ந்து வந்து சேர்கிறாள். மூத்தவள் அவளை ஏற்றுக்கொள்கிறாள்.

இந்நாடகப் பாடல்களைத் தமிழாக்க முயன்றபோது இக்கட்டுரையாளர் செய்த பிழையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். முதல் வரைவில் மனைவியைத் ‘தலைவி’ என்றும், கணவனைத் ‘தலைவன்’ என்றும், கல்கத்தா செல்லும் வழியைச் ‘சுரம்’ என்றும் ஆக்கியிருந்தேன். தமிழ் படித்த எவருக்கும் கை தானே அவ்வாறுதான் செல்லும். மொழிபெயர்ப்புப் பட்டறை ஒன்றில் அவ்வரைவைப் படித்து, அதன் பொருளை இந்தியில் விளக்கியபோது, சாரண் மாவட்டத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இவள் எந்த அரண்மனைப் பெண் என்று கேட்டார். கேலி என்று முதலில் எண்ணினேன். அவர் உண்மையாகவே ஐயுற்றுத்தான் கேட்டார்.

பொருள்வயிற் பிரிவும் கூலிவயிற் பிரிவும்

அகமரபை நாடத் தூண்டும் ஒப்புமைகள் மெய்யாகவே உள்ளன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பிதேசியாவிலும் முதன்மை மாந்தருக்கு இயற்பெயர் இல்லை. கணவன் ‘பிதேசி’, மனைவி ‘பியாரி சுந்தரி’, வழிப்போக்கன் ‘படோஹி’ என்று வகைப்பெயர்களாலேயே வழங்கப்படுகின்றனர். சங்கத் தலைவன் வேங்கடம் கடந்து ‘மொழிபெயர் தேயம்’ செல்கிறான். போஜ்புரிக் கணவனும் வங்காளம் என்னும் மொழிபெயர் தேயத்திற்கே செல்கிறான். (நம் தொழிலுக்கு இன்று வழங்கும் பெயர் அச்சொற்றொடரை நினைவூட்டுவதை மொழிபெயர்ப்பாளர் மறக்க இயலாது.) தூது உண்டு, பருவங்கண்டு வருந்துதல் உண்டு, மற்றொருத்தியும் உண்டு.

எனினும் இவ்வொப்புமைகள் மேற்பரப்பில் நிற்பவை. பாலைத்திணையின் பொருள்வயிற் பிரிவில், ஈட்டிய பொருள் இரவலர்க்கு ஈதற்கும் இல்லறம் சிறத்தற்கும் உரியது. இன்மை இளிவரவு என்ற மான உணர்வே தலைவனை உந்துகிறது. சாரண், பலியா, காஜிப்பூர் மாவட்டங்களிலிருந்து சென்றவரை உந்தியவை துண்டு நிலமும், கடனும், ஆற்று வெள்ளமும் ஆகும். அவர்கள் சென்றடைந்தவை சணல் ஆலைகளும், துறைமுகமும், அசாமின் தேயிலைத் தோட்டங்களும். ‘பூர்பி’ என்னும் பாடல்வகையின் பெயரே ‘கிழக்கத்தியது’ என்று பொருள்படும். அக்கிழக்குத்தான் ஆண்கள் பிழைக்கப் போன திசை. ரயிலைப் பகையென்று சாடும் நாட்டுப்பாடல்கள் அப்பகுதியில் வழங்குகின்றன. ரயிலைச் ‘சுரம்’ என்று பெயர்க்கும்போது பயணச்சீட்டின் விலை காணாமற்போகிறது.

பெயரின்மையும் ஒரு தன்மையது அன்று. அகப்பாடலில் அது இலக்கண விலக்கு. பிதேசியாவிலோ கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லாத ஊர்வழக்கின் தொடர்ச்சி. நம் ஊர்ப் பெண்கள் ‘எங்க வீட்டு மனுசன்’ என்று சொல்வதற்கு அது நெருக்கமானது. எனவே ‘தலைவன்’ என்பதைவிட ‘மனுசன்’ என்பதே சரியான பெயர்ப்பு என்பது என் துணிபு.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நாடகத் தொடக்கத்தில் சூத்திரதாரர், பிதேசி பிரம்மம் என்றும், பியாரி சீவன் என்றும், நகரத்துப் பெண் மாயை என்றும், வழிப்போக்கன் தருமம் என்றும் உருவக விளக்கம் தருகிறார். ஆசிரியரே தத்துவப் பொருள் கூறியிருக்க, கூலியையும் கடனையும் ஏன் வலியுறுத்த வேண்டும்? ஆபாசம் என்று மேட்டிமையோர் ஒதுக்கிய ஒரு கூத்துக்கு அவ்விளக்கம் ஒரு குடையாகப் பயன்பட்டிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். குடையையும் மொழிபெயர்க்கத்தான் வேண்டும். அதை நீக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் நாடகம் முழுவதையும் அக்குடையின் நிழலிலேயே பெயர்த்தால், கல்கத்தா மாயாலோகமாகிவிடும். அங்கே கூலி வாங்கும் மனிதன் ஒருவனும் எஞ்சமாட்டான்.

‘பரதேசி’ என்னும் சொல்

சிக்கலின் மையம் தலைப்பிலேயே உள்ளது. ‘பிதேசி’ வடமொழி ‘விதேசி’யின் திரிபு. அகராதி வழிச் சென்று ‘வெளிநாட்டான்’ என்று பெயர்த்தால் பிழை. இப்பாடல்களில் ‘தேஸ்’ என்பது நாடு அன்று. தன் ஊரும் அதைச் சூழ்ந்த வட்டாரமும். அதற்கு அப்பாற்பட்ட எல்லாமே ‘பிதேஸ்’, ‘பர்தேஸ்’. கல்கத்தாவும் பர்தேஸ், மொரீஷியசும் பர்தேஸ். மேலும், வெளியிலிருந்து இங்கு வந்தவனை அன்று, இங்கிருந்து வெளியே போனவனையே இச்சொல் குறிக்கிறது. நோக்குநிலை ஊரில் இருப்பவளுடையது.

தமிழில் இதன் உடன்பிறப்பு ‘பரதேசி’. இடைக்கால வணிகக் குழுக் கல்வெட்டுகளில் சுதேசி, பரதேசி, நானாதேசி என்பன வணிகரின் வகைகள். இழிவுப்பொருள் சற்றும் இல்லை. கொச்சியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் பரதேசி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. அங்கும் அயலிலிருந்து வந்தவர் என்பதே பொருள். தமிழிலோ அச்சொல் அயலூரான், அயலூரிலிருந்து வந்த துறவி, திரிந்து இரப்பவன் என இறங்கி வந்து, இறுதியில் வசைச்சொல்லாயிற்று. பொருளிழிபுக்கு நம் பாடநூல்கள் காட்டத்தக்க தெளிந்த எடுத்துக்காட்டு இது. வடக்கே ‘பர்தேசி’ காதற்பாடல்களின் விளி. தெற்கே ‘பரதேசி’ பள்ளிப் பிள்ளைகள்கூட எறியும் வசை. ஒரே சொல், ஒரே வேர். ஒரு பக்கம் ஏக்கம், மறுபக்கம் ஏளனம். (பிக்காரி என்னும் ஆசிரியர் பெயருக்கே ‘இரவலன்’ என்பதுதான் பொருள் என்பதை இங்குக் குறிக்கலாம்.)

என் முதல் வரைவில் இச்சொல்லை முற்றிலும் தவிர்த்திருந்தேன். பட்டறையில் ஒருவர் ‘பரதேசி’ என்றே போடலாமே என்றபோது அவையில் சிரிப்பெழுந்தது. நானும் சிரித்தேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவ்விழிபொருளுக்கு ஒரு வரலாறு உண்டென்பது புலப்பட்டது. ஊரை விட்டுப் போனவன் எதிர்பாரா நிலையில், கையில் ஒன்றுமின்றித் திரும்பி வருவதை ஊர் பலமுறை கண்டிருக்கிறது. இயக்குநர் பாலா, வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குறித்த தம் திரைப்படத்துக்கு (2013) ‘பரதேசி’ என்று பெயரிட்டபோது இவ்விரு பொருளையும் ஒருங்கே எழுப்பினார். பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’யும், இரா. முருகவேளின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ம் அதன் மூலங்கள். அத்தலைப்பைக் கேட்டு எவரும் சிரிக்கவில்லை.

சொல்லின் ஈறும் கவனிக்கத்தக்கது. போஜ்புரிப் பெயர்ச்சொற்களுக்குக் குறுவடிவம், நெடுவடிவம், மிகைவடிவம் எனக் கிரியர்சன் மூன்று நிலை காட்டுவார். ‘கோடா’ (குதிரை) என்பது ‘கோட்வா’ என்றும், அதற்கு மேலும் நீண்டும் வழங்கும். இகர ஈற்றுச் சொற்கள் ‘-யா’ பெறும். ஆகவே ‘பிதேசியா’ என்பது ‘பிதேசி’யின் நெடுவடிவம். இவ்வடிவம் பொருளை மாற்றாது. பேசுவோருக்கும் பேசப்படுபவருக்கும் உள்ள உறவை மாற்றும். நன்கு அறிந்தவன், நம்மவன், சில இடங்களில் அற்பன் என்னும் சாயல்கள் அதில் உண்டு. பாடலடிகளின் இறுதியில் விளியாக அது வரும்போது அன்பும் சீற்றமும் பிரித்தறிய முடியாதவாறு கலந்து நிற்கின்றன. நம் பெண்கள் ‘பாவி மனுசன்’ என்னும்போது நிகழ்வதும் இதுவே. விகுதியால் மூலம் செய்வதைத் தமிழ் அடைமொழியால் செய்கிறது. ‘பிராணநாதா’ என்று பெயர்த்தவர்கள் அன்பை மட்டும் எடுத்துக்கொண்டு சீற்றத்தை விட்டுவிட்டனர்.

ஆடியும் ஆஷாடமும்

பிதேசியாவில் பன்னிரு மாதங்களையும் வரிசைப்படுத்திப் புலம்பும் ‘பாரஹ்மாசா’ வகைப் பாடல் உண்டு. ‘அஸாட்’ என்னும் வடக்கத்திய மாதத்திற்கும் நம் ‘ஆடி’க்கும் மூலம் ஒன்றே (ஆஷாடம்). ஆயின் கங்கைச் சமவெளியில் அஸாட் முதல் மழையின் மாதம். வெளியூர் சென்ற கணவர் விதைப்புக்குத் திரும்ப வேண்டிய காலம். அம்மாதம் பிறந்தும் அவன் வரவில்லை என்பதே துயரின் முதற்படி. தமிழில் ஆடி என்றதும் காற்றும் புழுதியும் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமாக, ஆடியில் புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். ஆடியில் கணவன் உடனில்லை என்பது தமிழ்ச் செவிக்குத் துயரமே அன்று, நடைமுறை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவருக்கு விதைப்பு நினைவு வரும் என்பது உண்மையே. எனினும் பிரிவுப் பாடலில் மேலோங்கி நிற்பது முன்னதுதான். அகமரபின் கார்காலமான ஆவணி, புரட்டாசிக்கு மாற்றினாலோ மாத வரிசையே குலையும். மாதப்பெயரை விட்டு, ‘முதல் மழை’, ‘விதைப்பு’ என்று வேளாண்மைச் செயல்களால் தொடங்குவதே என் இரண்டாம் வரைவில் கண்ட வழி. பன்னிரண்டில் நான்கு மாதங்களுக்கு இது பொருந்திற்று. ஏனையவற்றிற்குப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

நகரத்துப் பெண்

அவளை மூலம் ‘ரகேலின்’ என்னும். ‘ரக்-’ (வை) என்னும் வினையடியிற் பிறந்த சொல். ‘வைப்பு’, ‘வைப்பாட்டி’ என்பன அமைப்பிலும் பொருளிலும் அதற்கு நேரானவை. இத்தகைய பொருத்தம் மொழிபெயர்ப்பாளருக்கு அரிதாகவே வாய்க்கும். அகமரபில் நின்று ‘பரத்தை’ என்றால் மருதத்திணை வந்து புகுந்துவிடும். ஊடலும் வாயில் மறுத்தலும் எதிர்பார்க்கப்படும். நாடகமோ அத்திசையில் செல்லவில்லை. கூலிக்கு வந்தவன் நகரத்தில் அமைத்துக்கொண்ட இரண்டாம் குடும்பம் அது. அவளுக்கும் மக்கள் உண்டு, அவளுக்கும் கைவிடப்படும் அச்சம் உண்டு. எனவே ஊரார் வாயில் ‘வைப்பாட்டி’ என்றும், இறுதிக் காட்சியில் மூத்தவளை அவளே ‘அக்கா’ என விளிப்பதாகவும் அமைத்தேன். மூலத்தில் இல்லாத உறவுச்சொல்லைச் சேர்த்தது தவறு என்பாரும் உளர். தமிழ் மேடையில் இரு பெண்கள் எதிரெதிர் நின்று முறைச்சொல் இன்றிப் பேசினால், அது மூலத்தில் இல்லாத பகையைச் சேர்த்ததாகும்.

திரும்பாதவர்களின் சொற்கள்

பிதேசியாவின் கணவன் திரும்பி வந்தான். அதே மாவட்டங்களிலிருந்து அதே கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய பலர் திரும்பவில்லை. மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, சுரினாம், பிஜி எனத் தொடர்ந்த அக்கூலி ஏற்றுமதிக்கு ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் திரிந்து ‘கிர்மிட்’ என்றாயிற்று. கிர்மிட்டுக்கு உட்பட்டவர் ‘கிர்மிட்டியா’. சுரினாமில் ‘காண்ட்ராக்ட்’ திரிந்து ‘கந்த்ராக்கி’ என வழங்கிற்று. கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பிய மரபு. ஆங்கில அரசின் விதியோ நூறு ஆடவர்க்கு நாற்பது மகளிரேனும் கப்பலில் இருத்தல் வேண்டும் என்றது. கிரியர்சன் 1883இல் வங்காள மாகாணத்திலிருந்து குடியேற்ற நாடுகளுக்குச் செல்வோர் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தவர். 1884, 1886ஆம் ஆண்டுகளில் பீகாரி, போஜ்புரி நாட்டுப்பாடல்களைப் பதிப்பித்தவரும் அவரே. ஆள் ஏற்றுமதியையும் அவ்வாட்களின் மனைவியர் பாட்டையும் ஒருவரே ஆராய்ந்தார் என்பது நம் துறையின் வரலாற்றில் மறைக்க வேண்டுவதன்று. பெருமை கொள்ளவும் வேண்டுவதன்று.

பாரதியார் பாடிய பிஜித் தீவுப் பெண்களுள் பெரும்பாலோர் போஜ்புரி, அவதி வழங்கும் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற ஏறத்தாழ 15,000 தென்னிந்தியரின் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் பிஜி இந்தியையே தம் வீட்டுமொழியாக ஏற்றனர். அம்மொழியின் முதல் நாவலான ‘டௌகா புராண்’ (2001) சுப்பிரமணி என்னும் தென்னகப் பெயர் தாங்கியவரால் எழுதப்பட்டது என்பதே போதிய சான்று. மொழி மாறிய பின்னும் பெயர் மாறாமல் நின்றது.

இவ்விலக்கியத்தைத் தமிழாக்குவோர் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’, ‘ஆட்சேர்ப்பு முகவர்’ என்று அரசாணைத் தமிழில் எழுதுவதைக் காண்கிறோம். கூலிப் புலப்பெயர்வுக்கென நம்மிடமே ஒரு சொற்களஞ்சியம் இருக்க, இது தேவையற்ற வறுமை. இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் வழங்கிய கங்காணி, ஆள்கட்டி, லயம், பெரட்டு, அரைப்பேர், துண்டு, பற்றுச்சீட்டு, கண்டிச்சீமை ஆகிய சொற்கள் துயரம் தோய்ந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் இத்தகைய மொழிநடை அச்சேறியுள்ளது. போஜ்புரியின் ‘அர்காட்டி’யை ‘ஆள்கட்டி’ என்று பெயர்த்தால் தொழிலும் பொருந்தும், ஒலியும் பொருந்தும். ஒலியொப்புமை மட்டும் வேர்த்தொடர்புக்குச் சான்றாகாது என்பதை இவ்விதழின் வாசகர்க்குக் கூற வேண்டியதில்லை. ஆயின் ‘கிர்மிட்’டைத் ‘துண்டு’ எனல் கூடாது. துண்டு என்பது தொழிலாளியின் கடன் முழுவதையும் குறித்த சீட்டு. 1921இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. கிர்மிட்டோ மீறினால் சிறைக்கு அனுப்பும் ஒப்பந்தம். அச்சொல்லை அப்படியே கொள்வதே முறை.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடபுலத்து இப்பாடல்கள் தமிழில் வரும்போது ‘இந்தியிலிருந்து’ என்றே குறிக்கப்படுகின்றன. 2011 கணக்கெடுப்பில் 5 கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரியைத் தாய்மொழியாகக் குறித்தும், அவர்கள் இந்தியின் கீழேயே எண்ணப்பட்டனர். மைதிலி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது; போஜ்புரிக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. இந்தி உரைநடையாக்கத்தின் வழியே தமிழுக்கு வரும் பாடலில் நெடுவடிவம் முதலில் உதிர்கிறது. ‘பிதேசியா’ ‘பர்தேசி’யாகி, பின் ‘அயலூர்க் காதலன்’ ஆகிறது. மூலமொழியின் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் எழுதுவது பதிப்பாளர்க்கு ஒரு வரிச் செலவு. அவ்வரியை எழுதினால், அம்மொழியைக் கற்ற ஒருவரைத் தேட வேண்டிய கட்டாயமும் உடன் வரும். தயக்கம் அதனால்தான் போலும்.

இரண்டாம் வரைவு முடிந்ததும் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் சிலவற்றின்முன் அதைப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பாடலடிகளின் முடிவில் ‘பரதேசி மனுசா’ என்று விளி அமைத்திருந்தேன். அங்கே எவரும் சிரிக்கவில்லை. மூதாட்டி ஒருவர், தம் தாயார் தம் தந்தையைக் குறித்து அச்சொல்லைத்தான் சொல்வார் என்றார். ‘பரதேசியாப் போன மனுசன்’ என்று. பின்பு, வழிப்போக்கன் கல்கத்தாவில் தேடி அலையும் காட்சியில் நான் எழுதியிருந்த ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்பதைச் சுட்டி, அப்படி யார் சொல்வார்கள், லயம் என்று போடுங்கள் என்றார். கல்கத்தாவில் லயம் இல்லை என்று விளக்கினேன். அப்படியானால் அங்கே இருப்பவர்கள் அதை என்ன சொல்கிறார்களோ அதையே போடுங்கள் என்றார். ‘பஸ்தி’ என்று திருத்தினேன்.